நாற்பது பிட்டுகளில் ஒரு வெப்பநிலை

மேல்நிலை முதலாமாண்டு கணினி அறிவியலில் எண் முறைகள் பாடத்தை நடத்தும்போது ஏதாவது ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார்: "இருநிலை எண்ணைப் பதின்ம எண்ணா நாம ஏன் மாத்தணும் டீச்சர்? அதைத்தான் கம்ப்யூட்டரே செஞ்சிடுதே?" தேர்வில் மதிப்பெண் உண்டு என்று சொல்லி அந்தக் கேள்வியை அடக்கிவிடலாம். ஆனால் அது நல்ல கேள்வி. கணினி தானாக எதையும் மாற்றுவதில்லை. எந்த பிட் எதைக் குறிக்கிறது என்று யாரோ ஒருவர் பார்த்து, அதற்கு நிரல் எழுதி வைத்திருக்கிறார். அந்த வேலையை நம் மாணவர்களே ஒருமுறை செய்து பார்த்தால், எண் முறைகள், 2-ன் நிரப்பு, பிட்நிலைச் செயற்குறிகள், அணி, கட்டுரு எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

சில ஆண்டுகளாக இதை ஒரு சிறிய வெப்பநிலை உணரியை வைத்து நடத்தி வருகிறேன். நான்கு பாடவேளை பிடிக்கும். முதல் இரண்டுக்கு மின்சாரமே தேவையில்லை. அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் ஆர்டுயினோ பலகை இருக்கும். அது இல்லாத பள்ளியிலும் பாடத்தின் முக்கியமான பாதியை முடித்துவிடலாம்.

உணரி என்ன அனுப்புகிறது?

டிஎச்டி22 என்பது வெள்ளை நிறக் கூட்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய உணரி. காற்றின் ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் அளந்து, ஒரே ஒரு தரவுக் கம்பி வழியாக 40 பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். ஒவ்வொரு பிட்டுக்கும் முன்பு கம்பி 50 மைக்ரோ வினாடி தாழ்நிலையில் இருக்கும். பிறகு உயர்நிலைக்குப் போகும். அந்த உயர்நிலை 26 முதல் 28 மைக்ரோ வினாடி நீடித்தால் அது 0; 70 மைக்ரோ வினாடி நீடித்தால் அது 1. பழைய தந்தியின் புள்ளியும் கோடும் போலத்தான்.

கம்பியில் வருவது இவ்வளவுதான் என்பதை மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். தசமப் புள்ளி வருவதில்லை. டிகிரி என்ற குறி வருவதில்லை. எது ஈரப்பதம், எது வெப்பம் என்ற பெயரும் வருவதில்லை. அந்தப் பொருளெல்லாம் உணரியைத் தயாரித்தவர் வெளியிடும் தரவுத்தாளில் இருக்கிறது. அனுப்புபவரும் பெறுபவரும் அந்தத் தாளை ஒரே மாதிரி படித்திருக்க வேண்டும்.

டிஎச்டி22-இன் தரவுத்தாள் சொல்வது இது: 40 பிட்டுகள் சேர்ந்து 5 பைட்டுகள். முதல் இரண்டும் ஈரப்பதம், அடுத்த இரண்டும் வெப்பநிலை, ஐந்தாவது சரிபார்ப்புத் தொகை. அளவுகள் பத்தால் பெருக்கப்பட்டு முழு எண்ணாக வரும். பெரிய மதிப்புள்ள பிட் முதலில் வரும். அதே தரவுத்தாளில் உள்ள எடுத்துக்காட்டையே வகுப்பிலும் பயன்படுத்துகிறேன்:

00000010 10001100 00000001 01011111 11101110

ஆளுக்கொரு பிட்

நாற்பது பிட் என்பது நமக்கு வாய்த்த வசதி. நம் வகுப்புகளில் ஏறத்தாழ அத்தனை பேர்தான் இருப்பார்கள். குறைந்தால் பக்கத்துப் பிரிவிலிருந்து இரண்டு மூன்று பேரைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. ஒரு பக்கம் 0, மறுபக்கம் 1. மைதானத்தில் எட்டு எட்டுப் பேராக ஐந்து வரிசை. வரிசையின் இடக்கோடியில் நிற்பவரின் மதிப்பு 128. வலப்பக்கம் போகப் போக 64, 32, 16 என்று பாதியாகி, கடைசியில் நிற்பவர் 1. அட்டையில் 1 காட்டுபவர்கள் தங்கள் மதிப்பை உரக்கச் சொல்ல, வரிசைத் தலைவர் கூட்டுகிறார். ஐந்து வரிசைகளிலும் 2, 140, 1, 95, 238 என்று வரும்.

அடுத்த படியில்தான் தடுமாற்றம் வரும். முதல் வரிசை 2, இரண்டாம் வரிசை 140. ஈரப்பதம் 142 என்று பாதி வகுப்பு சொல்லும். இடமதிப்பை இங்கே நினைவூட்ட வேண்டும். 35 என்ற எண்ணில் உள்ள 3 எப்படி முப்பதோ, அப்படி முதல் வரிசையின் ஒவ்வொரு ஒன்றும் 256. ஆகவே 2 × 256 + 140 = 652. பத்தால் வகுத்தால் ஈரப்பதம் 65.2 விழுக்காடு. வெப்பநிலை 1 × 256 + 95 = 351, அதாவது 35.1 டிகிரி செல்சியஸ். சி மொழியில் இது ஒரே வரி:

ஈரப்பதம் = (ப[0] << 8) | ப[1];

(மாறிகளின் பெயர்களைக் கரும்பலகையில் தமிழிலேயே எழுதுகிறேன். கணினியில் தட்டச்சு செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம். ஆர்டுயினோ சூழல் சி++ நிரல்பெயர்ப்பியைப் பயன்படுத்துகிறது என்றாலும், இங்குள்ள வரிகள் சி மொழிக்கும் அப்படியே பொருந்தும்.)

எட்டு இடம் இடப்புறம் நகர்த்துவது 256-ஆல் பெருக்குவதற்குச் சமம். நகர்ந்ததால் காலியான எட்டு இடங்களில் இரண்டாவது பைட் வந்து உட்காருகிறது. கூட்டல் குறி போட்டாலும் இதே விடை வருமே என்று ஒருவர் கேட்பார். வரும். இரண்டின் பிட்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழாததால் இங்கே இரண்டு செயற்குறிகளும் ஒன்றுதான்.

இனி ஐந்தாவது வரிசை. 2 + 140 + 1 + 95 = 238. கூட்டுத்தொகை 255-ஐத் தாண்டினால் கடைசி எட்டு பிட்டுகளை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்; நிரலில் அதற்கு & 255 போதும். இதை விளக்கிவிட்டு நான் திரும்பி நின்றுகொள்கிறேன். யாராவது ஒருவர் தன் அட்டையைத் திருப்பிவிட வேண்டும். மறுபடி கூட்டிப் பார்த்தால் தொகை பொருந்தாது. எங்கோ பிழை என்று தெரிகிறது. எங்கே என்று தெரிவதில்லை. அதுவே போதும், செய்தியைத் தள்ளிவிட்டு இரண்டு வினாடி கழித்து மறுபடி கேட்கலாம்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். பாடத்தின் சுவையான இடம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. முதல் வரிசையில் 4 மதிப்புள்ளவர் 0-வை 1 ஆக்கட்டும். இரண்டாம் வரிசையில் அதே இடத்தில் நிற்பவர் 1-ஐ 0 ஆக்கட்டும். வரிசைகள் 6, 136 ஆகிவிடும். கூட்டுத்தொகை அதே 238! ஆனால் ஈரப்பதம் 167.2 விழுக்காடு. நூறைத் தாண்டியிருப்பதால் இது தப்பு என்று மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்து, முதல் வரிசையையும் மூன்றாம் வரிசையையும் இடம் மாறி நிற்கச் சொல்லுங்கள். தொகை இப்போதும் 238. ஈரப்பதம் 39.6, வெப்பநிலை 60.7. இரண்டுமே நடக்கக்கூடிய எண்கள். நிரலில் அணியின் சுட்டெண்ணை மாற்றி எழுதிவிட்டால் இதுதான் நடக்கும், சரிபார்ப்புத் தொகை வாயைத் திறக்காது. இந்த இடத்தில் வகுப்பு சற்று நேரம் பேசிக்கொள்ளட்டும்.

இதற்கு வெளியிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டிஎச்டி11 என்ற நீல நிற உணரியும் 40 பிட்டுகளைத்தான் அனுப்புகிறது. சரிபார்ப்புத் தொகையின் விதியும் அதேதான். ஆனால் அதில் முதல் பைட் ஈரப்பதத்தின் முழுப் பகுதி, மூன்றாவது பைட் வெப்பநிலையின் முழுப் பகுதி. வெள்ளை உணரியை இணைத்துவிட்டு நீல உணரிக்கான நிரலை ஏற்றினால் நம் எடுத்துக்காட்டு ஈரப்பதம் 2 விழுக்காடு, வெப்பநிலை 1 டிகிரி என்று திரையில் காட்டும். எந்தப் பிழைச்செய்தியும் வராது.

ஒரே குளிர், இரண்டு எழுத்துமுறை

குறை எண்களைக் குறிக்கப் பாடநூலில் மூன்று முறைகள் உள்ளன. இவற்றில் 2-ன் நிரப்பு முறைதான் கணினிகளில் புழங்குகிறது, மற்றவை தேர்வுக்காக என்று நாமும் சொல்லிவிடுகிறோம். டிஎச்டி22 அப்படி இல்லை. சுழிக்குக் கீழே 10.1 டிகிரியை அது 10000000 01100101 என்று அனுப்பும். இடக்கோடி பிட் குறியை மட்டும் சொல்கிறது. மீதி 15 பிட்டுகள் 101 என்ற அளவு. பாடநூலின் முதல் முறையேதான். இதை 2-ன் நிரப்பாகப் படித்தால் -3266.7 வரும், குறியே இல்லாத எண்ணாகப் படித்தால் 3286.9.

இப்போது டிஎஸ்18பி20 என்ற இன்னோர் உணரியைப் பக்கத்தில் வையுங்கள். இதுவும் ஒற்றைத் தரவுக் கம்பியில் பேசுவதுதான். ஆனால் இது சிறிய மதிப்புள்ள பைட்டை முதலில் அனுப்பும். குறை எண்ணை 2-ன் நிரப்பில் எழுதும். பத்தில் ஒரு பங்குக்குப் பதில் பதினாறில் ஒரு பங்காக அளக்கும். -10.125 டிகிரிக்கு வரும் பைட்டுகள் 94, 255. சேர்த்தால் 255 × 256 + 94 = 65374; 65536-லிருந்து கழித்தால் 162; பதினாறால் வகுத்தால் 10.125. இரண்டு உணரிகளையும் ஒரே குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே குளிரைத்தான் சொல்லும். கம்பியில் போகும் பிட்டுகளில் ஒற்றுமை எதுவும் தெரியாது. இரண்டு அட்டை வரிசைகளையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினாலே 'குறிமுறை' என்ற சொல்லுக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

(சிறிய பைட் முதலிலா, பெரிய பைட் முதலிலா என்ற சண்டைக்கு ஆங்கிலத்தில் 'எண்டியன்' என்று பெயர். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டை போட்டுக்கொண்ட மக்களைப் பற்றி ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் 'கலிவரின் பயணங்கள்' நூலில் எழுதினார். 1980-இல் டேனி கோஹன் அதிலிருந்து இந்தப் பெயரை எடுத்துக் கணினிக்குக் கொண்டுவந்தார். ஆங்கில ஆசிரியரிடம் சொன்னால் அவர் வகுப்பிலும் ஒரு கதை கூடும்.)

நிரலாக எழுதும்போது மாணவர்கள் டிஎஸ்18பி20-க்கும் (ப[1] << 8) | ப[0] என்றே எழுதி, ஓர் இன்ட் மாறியில் வைத்துப் பதினாறால் வகுப்பார்கள். ஆர்டுயினோ ஊனோவில் -10.125 என்று சரியாக வரும். அதே வரியை ஆய்வகக் கணினியில் இயக்கினால் 4085.875 வரும்! ஊனோவில் இன்ட் 16 பிட். கணினியில் 32 பிட். டர்போ சி-யில் படித்த என் வயது ஆசிரியர்களுக்கு 'இன்ட் என்றால் 2 பைட்' என்பது மனப்பாடம். இன்றைய மாணவர் 4 பைட் என்று எழுதுகிறார். சி மொழியின் தரநிலை, குறைந்தது 16 பிட் இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. அதனால் செய்திகளைப் பிரிக்கும் நிரலில் வெறும் இன்ட் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். 1999-ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே இத்தனை பிட் என்று பெயரிலேயே சொல்லும் தரவினங்கள் வந்துவிட்டன. மதிப்பு என்ற மாறியை 32 பிட் கொண்டதாக அறிவித்துவிட்டு இப்படி எழுதினால் எந்தப் பலகையிலும் ஒரே விடை வரும்:

மதிப்பு = ப[1];
மதிப்பு = மதிப்பு * 256 + ப[0];
மதிப்பு = (மதிப்பு > 32767) ? மதிப்பு - 65536 : மதிப்பு;

முதல் வரியைத் தனியாக எழுதியதற்குக் காரணம் உண்டு. 255 << 8 என்பது ஊனோவின் 16 பிட் இன்ட்டுக்குள் அடங்காது; குறி பிட் மேல் போய் விழும். முதலில் பெரிய பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு பெருக்குகிறோம்.

இணையத்தில் காணொலி பார்த்துக் கற்ற மாணவர் ஒருவர் குறுக்கு வழி சொல்வார்: ஒரு கட்டுருவை அறிவித்து, சுட்டு மூலம் அதை அப்படியே பைட்டுகளின்மேல் போர்த்திவிடலாமே? போர்த்தலாம், சில நேரம் சரியாகவும் இருக்கும். 8 பிட், 16 பிட், 8 பிட் என்று மூன்று உறுப்புகள் கொண்ட கட்டுருவின் அளவை ஊனோவில் அச்சிடச் சொல்லுங்கள், 4 வரும். கணினியில் வழக்கமாக 6 வரும். 16 பிட் எண் இரட்டைப்படை முகவரியில் இருக்க வேண்டும் என்பதற்காக நிரல்பெயர்ப்பி இடையில் வெற்று பைட்டுகளைச் செருகிவிடுகிறது. கட்டுரு நிரலுக்குள் வைத்துக்கொள்ள நல்லது. வெளியிலிருந்து வரும் பைட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் நிரப்புவதுதான் பாதுகாப்பு.

தடுப்பூசிப் பெட்டிக்கு வைக்கலாமா?

மூன்றாம் பாடவேளையில் உணரியை இணைத்து, திரையில் எண் வந்ததும் வகுப்பு கைதட்டும். அப்படி ஒரு நாளில், தாயார் கிராம சுகாதாரச் செவிலியராக உள்ள ஒரு மாணவி கேட்டார்: "டீச்சர், இதை எங்க அம்மா வேலை பார்க்கிற இடத்துல தடுப்பூசிப் பெட்டிக்குள்ள வைக்கலாமா?" அங்கே அதற்கென்று முறையான கருவிகள் இருக்கின்றன, நம்முடையது பள்ளிச் செயல்திட்டம் என்றேன். ஆனாலும் கேள்வியை விட மனமில்லை. தடுப்பூசிகளைப் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கல்லீரல் அழற்சி 'பி' தடுப்பூசி போன்ற சில, உறைந்துவிட்டால் பயனற்றுப்போகும். "நீயே சொல்லும்மா, நம்ம நிரல் எப்பெல்லாம் பொய் சொல்லும்?" என்று வகுப்பிடமே திருப்பிவிட்டேன். அன்றிலிருந்து மூன்றாம் பாடவேளை முழுவதும் இந்தக் கேள்விக்குத்தான்.

டிஎஸ்18பி20-இல் மட்டுமே மூன்று சூழ்நிலைகள் கிடைக்கும். மின்சாரம் வந்ததும் அதன் நினைவகத்தில் இருக்கும் வெப்பநிலை 85 டிகிரி. பைட்டுகள் 80, 5. அளக்கச் சொல்லி 12 பிட் அளவீட்டுக்குத் தேவையான முக்கால் வினாடி காத்திராமல் படித்தால் இந்த 85 தான் வரும். அனுப்பும் ஒன்பது பைட்டுகளின் சரிபார்ப்பும் பொருந்தும், ஏனென்றால் செய்தி பழுதில்லாமல்தான் வந்திருக்கிறது. இரண்டாவது, தரவுக் கம்பி தரைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டால் ஒன்பது பைட்டும் 0. இந்த உணரி வெறும் கூட்டலைவிட வலிமையான சிஆர்சி என்ற சரிபார்ப்பைப் பயன்படுத்துகிறது. ஆனால் எல்லாம் சுழியாக இருந்தால் அதன் சிஆர்சி-யும் சுழிதான். திரையில் 0.0 டிகிரி. குளிர்பெட்டிக்குள் இதைப் பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள். தப்பிக்க வழி தரவுத்தாளில் இருக்கிறது: ஐந்தாவது பைட்டின் கடைசி ஐந்து பிட்டுகளும் எப்போதும் 1. அது 31, 63, 95, 127 ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அங்கே 0 வந்தால் உணரி பேசவில்லை என்று பொருள். இதைக் கண்டுபிடிக்கத் தரவுத்தாளின் அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் குழுக்களுக்குக் கொடுத்தேன்; இருபது நிமிடத்தில் ஒரு குழு பிடித்துவிட்டது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. பைட்டுகளைச் சரியாகப் பிரித்து, -5 என்ற எண், அதாவது -0.5 டிகிரி, நிரலின் கையில் இருக்கிறது. அச்சிடும்போது பத்தால் வகுத்த ஈவு, புள்ளி, பிறகு மீதி என்று எழுதுகிறார்கள். -35-க்கு திரையில் -3.-5 என்று வரும். அசிங்கமாக இருப்பதால் மீதியின் குறியை நீக்கிவிடுவார்கள். -3.5 சரியாகிவிடும். ஆனால் -5-ஐப் பத்தால் வகுத்தால் ஈவு 0. சுழிக்குக் குறை குறி கிடையாது. திரையில் 0.5 வந்து நிற்கும். உறைந்த பெட்டி உறையாததாகக் காட்டும். எண்ணை வகுப்பதற்கு முன்பே குறியைப் பார்த்துத் தனியாக அச்சிட்டுவிட வேண்டும்.

ஆகவே நம் செயற்கூறு வெப்பநிலையை மட்டும் திருப்பித் தந்தால் போதாது. 'படித்தேன்' அல்லது 'படிக்க முடியவில்லை' என்பதை முதலில் தர வேண்டும். வெப்பநிலையை ஒரு சுட்டு மூலம் தனியாக நிரப்ப வேண்டும். முடியவில்லை என்றால் பழைய எண்ணை விட்டுவைக்காமல் திரையில் கோடுகளைக் காட்ட வேண்டும். மதிப்பீட்டில் இந்த ஒன்றுக்கே நான் பாதி மதிப்பெண் வைத்திருக்கிறேன்.

நீளத்தைப் பற்றி ஒரு சொல். நம் உணரிகள் எப்போதும் 5 அல்லது 9 பைட் அனுப்புபவை. ஒரு பலகை இன்னொரு பலகைக்குச் செய்தி அனுப்பும்போது நீளம் மாறும். ஆகவே தொடக்கக் குறி, நீளம், உள்ளடக்கம், சரிபார்ப்புத் தொகை என்று அனுப்புகிறோம். நீளம் 200 என்று செய்தி சொல்லலாம். நம் அணியில் 16 இடம்தான் இருக்கிறது என்றால் சி மொழி தடுக்காது. அணியைத் தாண்டி எழுதிக்கொண்டே போகும். எழுதும் முன் ஒப்பிட வேண்டியது நம் வேலை. 2014-இல் உலகையே கலங்கடித்த 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டையும் இந்தக் குடும்பம்தான். சி-யில் எழுதப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல், செய்தியில் எழுதியிருந்த நீளத்தை உண்மையில் வந்த நீளத்தோடு ஒப்பிடாமல் நம்பியது. கேட்டவருக்கு 64 கிலோபைட் வரை தன் நினைவகத்தை எடுத்துக் கொடுத்தது. அதில் கடவுச்சொற்களும் இருக்கக்கூடும்.

நான்காம் பாடவேளையில் ஆயத்த நிரல் நூலகத்தை அறிமுகப்படுத்துகிறேன். இரண்டே வரியில் வேலை முடிகிறது. முதல் நாளே அதைக் கொடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; எண் வந்தவுடன் பாடம் முடிந்ததாக மாணவர் நினைத்துவிடுகிறார். நான்காம் நாள் கொடுத்தால் அந்த நூலகத்தின் மூல நிரலைத் திறந்து, '127 ஏன் இருக்கிறது என்று தெரியும்' என்கிறார்கள்.

கரும்பலகையில் எழுத மூன்று கணக்குகள் தருகிறேன். ஒன்று: டிஎச்டி22-இலிருந்து 1, 244, 128, 35, 152. இரண்டு: டிஎஸ்18பி20-இன் முதல் இரண்டு பைட்டுகள் 248, 255. மூன்று: டிஎச்டி22-இலிருந்து 0, 0, 0, 0, 0.

முதலாவதில் ஈரப்பதம் 50.0, வெப்பநிலை -3.5, கூட்டுத்தொகை 408, அதிலிருந்து 256 போக 152, பொருந்துகிறது. இரண்டாவது -0.5 டிகிரி. மூன்றாவதில் கூட்டுத்தொகை பொருந்துகிறது, வெப்பநிலையும் அளவெல்லைக்குள்தான் இருக்கிறது. ஈரப்பதம் சுழி என்பதை ஏற்பதா, மறுப்பதா என்று குழுக்கள் காரணத்தோடு எழுத வேண்டும். எங்கள் ஊர் காற்றில் அது நடக்காது என்று எழுதியவர்களுக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன்.